நாலு குதிரை ஒப்பந்தம்

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "பெண்ணோட கல்யாணத்துக்காக அம்மா ஆட்டத்தை விட்டுக்கொடுக்கணுமா? என்ன அநியாயம் இது? பேனா உங்க கையிலதானே இருக்கு?" என்றார். பேனா என் கையில்தான் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே அம்மா என் பேச்சைக் கேட்கிறவள் இல்லை. அதை இந்த வாரம் நீங்களே பார்ப்பீர்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நம் கதாநாயகி. அதனால் ஊருக்கே எக்ஸ்ரே அம்மா. செஸ் பலகையில் சூரப்புலி. ஆனால் நகரப் போட்டியில் எப்போதும் இரண்டாவதாகத்தான் வருவாள். வீட்டில் ரன்னர்-அப் கோப்பைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றில் பல் துலக்கும் பிரஷ்கள், ஒன்றில் கரண்டிகள், இன்னொன்றில் லிஃப்ட் மெக்கானிக்கான கணவரின் திருகாணிகள். முதல் பரிசுக் கோப்பை மட்டும் அந்த வாசற்படியைத் தாண்டியதே இல்லை.

இந்த முறை கடைசிச் சுற்றில் எதிராளி யார் என்றால், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பிரேக் மாஸ்டர். அவருடைய மகனைத்தான் எக்ஸ்ரே அம்மாவின் ஒரே மகள் மிளகு காதலிக்கிறாள். கல்யாணப் பேச்சு கனிந்து வரும் நேரத்தில் சம்பந்திகள் இருவரும் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்! பிரேக் மாஸ்டருக்கு அரைப் புள்ளி முன்னிலை. ஆட்டம் டிரா ஆனால் கோப்பை அவருக்குத்தான். எக்ஸ்ரே அம்மாவுக்கோ ஜெயித்தால்தான் உண்டு.

அப்போதுதான் மாப்பிள்ளைப் பையன் வீட்டுக்கு வந்து ஒரு சேதி சொன்னான். "அப்பா சொல்லி அனுப்பினார். சண்டை வேண்டாம், சமாதானமா ஒரு டிரா போட்டுக்கலாமாம். தோத்துட்டா அவர் தாங்க மாட்டார். அப்புறம் கல்யாணப் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

மிளகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எக்ஸ்ரே அம்மா சரி என்றாள். 'நாலு குதிரை' ஆடுவதாக வாக்குக் கொடுத்தாள். அது பரம சாதுவான ஓபனிங். இரண்டு பக்கத்துக் குதிரைகளும் வெளியே வந்து எதிரும் புதிருமாக நிற்கும். அப்புறம் ஆளுக்கு நாலு காயை மாற்றிக்கொண்டு, கைகுலுக்கிவிட்டு எழுந்துவிடலாம். யாருக்கும் மனத்தாங்கல் வராது.

அங்கேதான் நிறுத்தியிருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை.

* * *

எக்ஸ்ரே அம்மா பல் துலக்கிவிட்டுப் பிரஷ்ஷைக் கோப்பையில் போட்டாள். 'டிங்' என்று சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். இன்றைக்கு என்னவோ சுருக்கென்றது.

"இன்னைக்கு இன்னொண்ணு வரும். அதுல என்ன வைக்கலாம்?" என்று கேட்டாள்.

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குச் செஸ் சுத்தமாகத் தெரியாது. மனைவியின் முகம் தெரியும்.

"நீ வேணும்னா வேற மாதிரி ஆடேன்" என்றார் மெல்ல.

"வாக்குக் கொடுத்தாச்சுங்க."

"அந்தப் பையன் கேட்டான், நீ கொடுத்த. அவனைப் பார்த்தாலே எனக்கு ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டற ஞாபகம்தான் வருது."

"உஷ்! மிளகு காதுல விழுந்தா தொலைஞ்சீங்க."

விழுந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் தலை வாரிக்கொண்டிருந்த மிளகுக்கு அப்பா மேல் கோபம் வந்தது. அம்மாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பின்னலாகப் போட்டுக்கொண்டாள். இன்று ஒரு நாள் நல்லபடியாகக் கழிந்தால் போதும். ஜென்மத்துக்கும் அம்மாவிடம் வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

* * *

செஸ் கிளப் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. மெக்கானிக் காதைச் சுவரில் வைத்துக் கேட்டுவிட்டு, "தண்டவாளத்தைப் பிடிச்சுக்கற கைடு ஷூ தேய்ஞ்சிருக்கு" என்றார். யாரும் கவனிக்கவில்லை.

கூடத்தில் மடக்கு மேசைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மேசைக்கும் அடியில் கால் வைக்க ஒரு குறுக்குப் பலகை. முதல் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்காகச் சுவரில் பெரிய காந்தப் பலகை ஒன்று தொங்கியது. மேடையோரம் வெள்ளைத் துணி விரித்த மேசையில் கோப்பை.

அதைப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்றுதான் எக்ஸ்ரே அம்மா நினைத்தாள். கண் கேட்கவில்லை. ஒரு முழ உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே மரப்பீடம். பீடத்தில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் பெயர்.

பிரேக் மாஸ்டரின் பெயர்.

"இது எப்ப செஞ்சீங்க?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

கிளப் செயலாளர் கையைப் பிசைந்தார். "அது வந்தும்மா... தகடு எழுதறவர் ஊருக்குப் போறார். எப்படியும் டிராதான், வீட்டுக்குள்ளேயே பேசி முடிச்சாச்சுன்னு சொன்னாங்க. அதான் முன்கூட்டியே..."

"யாரு சொன்னது?"

"சொன்னாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் மைக்கைச் சரி செய்ய ஓடிவிட்டார்.

எக்ஸ்ரே அம்மாவுக்குக் காதுமடல் சுட்டது. விட்டுக்கொடுக்கிறேன் என்று அவள் சொன்னது நிஜம். ஆனால் ஆடி, கை கொடுத்து, அப்புறமல்லவா விட்டுக்கொடுப்பதாக இருந்தாள்? இங்கே அவள் வருவதற்கு முன்பே அவள் தோற்றதாகச் செதுக்கி, திருகாணியும் முடுக்கிவிட்டார்கள்! எனக்கே எழுதும்போது பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

ஆனாலும் மிளகின் முகம் நினைவுக்கு வந்தது. வாக்கு வாக்குதான். போய் உட்கார்ந்தாள்.

* * *

பிரேக் மாஸ்டர் சரியான நேரத்துக்கு வந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஜொலிப்பு. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகுலுக்கி, "வாங்க சம்பந்தியம்மா, ஒரு கை பார்த்துடலாம்" என்றார்.

எக்ஸ்ரே அம்மா புருவத்தைச் சுருக்கினாள். டிரா கேட்ட மனுஷர் இப்படியா வந்து உட்காருவார்? சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எக்ஸ்ரே அறைக்கு வருகிறவர்களை அவளுக்குத் தெரியும். அவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கதவைப் பார்ப்பார்கள். இவர் பலகையைத் தின்றுவிடுவது போல் பார்க்கிறார்.

வெள்ளைக் காய்கள் அவளுக்கு. ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினாள். அவரும் அப்படியே. அவள் ஒரு குதிரையை வெளியே எடுத்தாள். அவரும் ஒன்று. இரண்டாவது குதிரை. அவருக்கும் இரண்டாவது. நாலு குதிரைகளும் களத்தில் நின்றன.

பார்வையாளர் வரிசையில் மிளகு மூச்சு விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் கையைத் தட்டி, "பாத்தியா? எங்கம்மா சொன்னா சொன்னதுதான்" என்றாள்.

பையன் அவளைவிட நிம்மதியாகத் தெரிந்தான். "நல்லவேளை" என்றான்.

எக்ஸ்ரே அம்மாவின் கை மந்திரியை நோக்கிப் போனது. மந்திரியைச் சாய்வாக நகர்த்தினால் ஒப்பந்தம் நிறைவேறிவிடும். கை பாதியில் நின்றது.

ஏனென்றால் இந்த இடத்தில் இன்னொரு வழி இருந்தது.

அது அவளுடைய ரகசிய ஆசை. சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது மட்டும் ஆடிப் பார்ப்பாள். பெரிய ஆட்டக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கம்ப்யூட்டரைக் கேட்டால் தப்பு என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லும். நாலாவது மூவிலேயே ஒரு முழுக் குதிரையைக் கொடுத்து, பதிலுக்கு ஒரே ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்கிற ஆட்டம் அது. அடிமுட்டாள்தனம்தான். ஆனால் அதற்கப்புறம் எதிராளியின் குதிரைகள் படும் பாடு இருக்கிறதே!

எக்ஸ்ரே அம்மா பலகையையே பார்த்தாள். தன்னை அறியாமல் உதடு அசைந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வார்த்தைகள்.

"மூச்சை நல்லா இழுங்க... அப்படியே நிறுத்துங்க..."

எதிரே பிரேக் மாஸ்டர் சொன்னபடியே மூச்சை இழுத்து நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போன பழக்கதோஷம்.

எக்ஸ்ரே அம்மா குதிரையைத் தூக்கினாள். நடுவில் நின்ற கறுப்புச் சிப்பாயை வெட்டினாள். கடிகாரத்தைத் தட்டினாள்.

"விடலாம்" என்றாள்.

* * *

சுவரிலிருந்த காந்தப் பலகையில் அந்த மூவை ஒட்ட வந்த பெண், தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினாள். கூடம் சலசலத்தது.

"அய்யோ, குதிரை போச்சே! அம்மாவுக்குக் கை தவறிடுச்சு போல" என்று யாரோ சொன்னார்கள்.

கை தவறவில்லை என்று மிளகுக்குத் தெரியும். அம்மாவின் முதுகு நிமிர்ந்திருந்தது. தப்பு செய்தவளின் முதுகு அப்படி இருக்காது.

"உங்கம்மா என்ன பண்றாங்க?" பையனின் குரல் கீச்சென்றது. "நாலு குதிரைன்னுதானே பேச்சு?"

"நாலு குதிரைதானே வந்துச்சு" என்றாள் மிளகு. அவளுக்கே ஏன் அப்படிச் சொன்னோம் என்று தெரியவில்லை.

"ஐயோ, அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"என்ன தெரிஞ்சா? அப்பாதானே எதிர்ல உட்கார்ந்திருக்கார்?"

பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். மிளகு அவன் போவதைப் பார்த்தாள். எங்கேயோ ஒரு திருகாணி கழன்று விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

பலகையில் அதற்குள் கலவரம் மூண்டிருந்தது. பிரேக் மாஸ்டர் குதிரையால் குதிரையை வெட்டினார். வெட்டாமல் என்ன செய்வார்? எக்ஸ்ரே அம்மா ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அது குதிரையை முட்டியது. குதிரை பின்வாங்கியது. சிப்பாய் இன்னொரு அடி வைத்தது. குதிரை மறுபடி பின்வாங்கி, புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. பக்கத்துச் சிப்பாயும் ஓர் அடி வைத்தது. அடுத்த குதிரையும் வாலைச் சுருட்டிக்கொண்டு தன் லாயத்துக்கே திரும்பியது.

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் எப்படி? இத்தனை மூவ் ஆடியும் பிரேக் மாஸ்டரின் காய்கள் அத்தனையும் அதனதன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஒரு சிப்பாய் மட்டும் காணோம். கணக்குப்படி பார்த்தால் அவருக்கு ஒரு குதிரை லாபம். பலகையைப் பார்த்தால் இன்னும் ஆட்டத்துக்கே வராத ஆள்!

பிரேக் மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கண்ணில் அந்த ஜொலிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

எக்ஸ்ரே அம்மா சிப்பாயை இன்னும் ஓர் அடி உள்ளே தள்ளினாள். அவர் வெட்டினார். பக்கத்துச் சிப்பாய் அதை வெட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. தொண்டையில் சிக்கிய முள் மாதிரி, விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அவர் மந்திரிக்கு வழி இல்லை. ராஜாவுக்கு மூச்சு விட இடமில்லை. அவர் ராணியை அவசரமாக வெளியே கொண்டுவந்து அந்தச் சிப்பாயை முறைத்தார்.

எக்ஸ்ரே அம்மா மிச்சமிருந்த ஒற்றைக் குதிரையைப் பாய்ச்சினாள். சிப்பாய்க்குக் காவல் ஆயிற்று. அடுத்த பாய்ச்சலில் ராஜாவுக்கு செக், மூலையில் இருக்கும் யானைக்கும் ஆபத்து!

டொக்.

மேசைக்கு அடியில் சத்தம். பலகையே லேசாக ஆடியது.

எக்ஸ்ரே அம்மாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் சட்டென்று புரிந்தது. மிளகு இவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களில் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டிச் சிரிப்பாள். "அவர் உட்கார்ற பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கும்மா. பயந்தா அவரையும் அறியாம வலது கால் போய் டொக்குனு மிதிக்கும். நாற்காலியில உட்கார்ந்து பேசும்போதுகூட மிதிப்பார்!" அதனால் வந்த பட்டப்பெயர்தான் பிரேக் மாஸ்டர்.

மனுஷருக்கு வழி தெரியவில்லை! இது அவர் பார்க்காத ஆட்டம்!

எக்ஸ்ரே அம்மாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில். இத்தனை வருஷ ஆட்டத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததே இல்லை. தலையைத் திருப்பி மகளைத் தேடினாள். ஜெயித்தால் கோப்பை. ஆனால் அந்தப் பெண்ணின் கல்யாணம்?

மிளகு கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். விளையாடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது விதி. அவள் பேசவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டு, கோப்பை இருந்த மேசைப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அந்தத் தகடு அவள் கண்ணில் பட்டது.

கிட்டே போய் வாசித்தாள். செயலாளரை இழுத்து நிறுத்தி ஏதோ கேட்டாள். அவர் இந்த முறை தப்பிக்க முடியாமல் ஏதோ சொன்னார். மிளகின் முகம் மாறியது.

திரும்பி வந்து, அழுந்தக் கட்டியிருந்த பின்னலைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் போட்டாள். சின்ன வயதில் தெருவில் சண்டைக்குப் போகும்போது செய்கிற காரியம் அது. அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

* * *

வாசல் வராந்தாவில் லிஃப்ட் மெக்கானிக் உள்ளே வரத் தைரியமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். வெளியே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

"யாரு?"

"என் வீட்டுக்காரி."

"குதிரையை இழந்துட்டாங்க. ஆனா அடிக்கிற அடி மட்டும் அவங்களோடது."

"அப்படின்னா மேலயா கீழயான்னு சொல்லுங்களேன்!"

உள்ளே பிரேக் மாஸ்டர் ராஜாவையே ஒரு கட்டம் தள்ளி வைத்து யானையைக் காப்பாற்றிவிட்டார். அங்கேயே அவர் ஒரு குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமாளித்திருக்கலாம். கொடுக்க மனசு வரவில்லை. எக்ஸ்ரே அம்மா மந்திரியைக் கொண்டுவந்தாள். அவருடைய ராணி ஓரத்தில் இருந்த ஒரு சிப்பாயைச் சாப்பிடப் போனாள். ருசி கண்டு இன்னொன்றுக்கும் கை நீட்டினாள். இங்கே ராஜா தனியாக நின்றார்.

டொக்.

எக்ஸ்ரே அம்மா யானையை நடு வரிசைக்குக் கொண்டுவந்தாள்.

டொக். டொக்.

ராணியைக் குறுக்கே வைத்தாள். முள்ளாக உட்கார்ந்திருந்த அந்தச் சிப்பாய் இன்னும் அசையாமல் அங்கேயே இருந்தது. ராஜா எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இரண்டே மூவில் கதை முடிந்துவிடும்.

இந்த முறை மேசைக்கு அடியில் சத்தம் வரவில்லை. பிரேக் மாஸ்டர் காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டார். வெகுநேரம் பலகையைப் பார்த்தார். பிறகு தன் ராஜாவை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

கூடம் அதிர்ந்தது! யாரோ விசில் அடித்தார்கள். நடுவர் "அமைதி, அமைதி" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. லிஃப்ட் மெக்கானிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "மேலயா?" என்று கேட்டார். மிளகு அவரைக் கட்டிக்கொண்டு, "மொட்டை மாடிக்கே போயாச்சுப்பா!" என்று கத்தினாள்.

எக்ஸ்ரே அம்மா எழுந்திருக்கவில்லை. நீட்டிய கையைப் பிடித்தவள் பிடித்தபடியே இருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"மன்னிச்சுக்கோங்க சம்பந்தி" என்றாள். "டிரா போடறேன்னு வாக்குக் கொடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டேன். கை கேக்கலை. கோவத்தை என்மேல காட்டுங்க. பொண்ணுமேல காட்டிடாதீங்க."

பிரேக் மாஸ்டர் அவள் சொன்னதைப் பாதிதான் கேட்டிருந்தார். "எங்கம்மா பிடிச்சீங்க இந்த ஆட்டத்தை? என் குதிரை ரெண்டையும் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்களே! நான் ஆட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படி உதை வாங்கினதே இல்லை. வாங்க, அந்த இடத்துலேர்ந்து மறுபடி வச்சுப் பார்ப்போம். நான் ராணியை எடுத்திருக்கக் கூடாது, இல்லையா? அந்த இடத்துல..." என்று காய்களை அடுக்கத் தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார்.

"என்ன சொன்னீங்க? டிராவா?"

"நீங்க சொல்லி அனுப்பினீங்களே."

"நானா?"

"உங்க பையன்தான் வந்து சொன்னார். தோத்தா நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

டொக்!

இந்த முறை மேசையிலிருந்த காய்கள் பாதி உருண்டுவிட்டன.

"நான் யார்கிட்டயும் டிரா கேட்டு ஆள் அனுப்பினதே இல்லை!" பிரேக் மாஸ்டரின் குரல் கூடத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. "இந்த ஆட்டத்துக்காகத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கேன். உங்களோட ஒரு முழு ஆட்டம் ஆடணும்னு எத்தனை நாளா ஆசை! அதைக் கெடுக்கப் பார்த்தது யாரு?"

பதில் தெரிந்துதான் கேட்டார். எல்லோரும் தண்ணீர்க் குடம் இருந்த மூலையைப் பார்த்தார்கள்.

பையன் கையில் காலி டம்ளரோடு நின்றான். டிரைவிங் ஸ்கூலில் அப்பாவைப் போலவே அவனும் பக்கத்து சீட்டு பிரேக்கில் கால் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறவன். தெருவில் எத்தனை பேரைத் தைரியமாக வண்டி ஓட்ட வைத்திருக்கிறான்! இப்போது ஓர் அடி எடுத்து வைக்க அவனுக்குக் கால் வரவில்லை.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றான். "நீங்க ரெண்டு பேரும் முட்டிக்கிட்டா எங்க கல்யாணம் என்ன ஆகும்? பிரச்சினையே வராம..."

"செயலாளர்கிட்ட போய்த் தகடு எழுதச் சொன்னதும் நீதானாடா?" என்று அப்பா கேட்டார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிரேக் மாஸ்டர் விறுவிறுவென்று கோப்பை இருந்த மேசைக்குப் போனார். "என் பேரைக் கழட்டுங்க இதுலேர்ந்து. யார்கிட்டயாவது ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

இதற்காகவே பிறந்தவர் போல லிஃப்ட் மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து ஒன்றை உருவினார். செஸ் கூடத்தில் அவருக்கு முதல் முறையாக ஒரு வேலை கிடைத்திருந்தது. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழக்கம் போலப் பையில் போட்டுக்கொண்டார். தகடு கழன்று வந்தது. வெறும் மரப்பீடத்தோடு கோப்பையைத் தூக்கி, பிரேக் மாஸ்டரே எக்ஸ்ரே அம்மாவின் கையில் கொடுத்தார்.

"இதுல மட்டும் கரண்டி வைக்காதீங்க சம்பந்தியம்மா" என்றார். அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது!

எக்ஸ்ரே அம்மா கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முதலில் மகளிடம் காட்ட வேண்டும் என்று திரும்பினாள்.

மிளகு அங்கே இல்லை.

முதல் மேசையில், சற்று முன் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உருண்டு கிடந்த காய்களை எடுத்து, ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் நிறுத்திக்கொண்டிருந்தாள். அவசரமே படவில்லை. எல்லாம் அடுக்கியானதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வா. உட்காரு" என்றாள்.

பையன் வந்தான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். சிரிக்கப் பார்த்தான். "எனக்கு ஆடத் தெரியாதுன்னு உனக்கே தெரியுமே மிளகு..."

"ஆட வேண்டாம். நான் அழுதேன் பாரு, அன்னைக்கு, எங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு. அப்ப நீ பக்கத்துலதான் நின்ன. பொய்னு தெரிஞ்சும் பேசாம நின்ன."

"சொன்னேனே, நல்லதுக்குத்தான்..."

"சரி. நல்லதுக்குன்னே வச்சுக்கறேன்." மிளகு கையை நீட்டிக் கடிகாரத்தைத் தட்டினாள். அவன் பக்கத்து நேரம் ஓடத் தொடங்கியது. "ஒரே கேள்வி. இந்த டிரா மாதிரி, எனக்குத் தெரியாம, எனக்காக நீயே பேசி முடிச்சு வச்சிருக்கிறது வேற ஏதாவது இருக்கா?"

"சே சே! என்ன பேசற நீ? ஒண்ணுமே இல்லை" என்றான் அவன், கண்ணிமைக்காமல்.

மேசைக்கு அடியில், டொக்.